மிதித்த கசெற்

பேய்க்கதை என்றால் நடுச்சாமம் வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்பார்கள். இதில் அது ஒன்றும் கிடையாது. இது நடந்தது மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பக்கம், ஒரு வீட்டு பேஸ்மென்றில். 2005ஆம் ஆண்டு, பெப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலே கால் இருக்கும். வெளியே நல்ல வெளிச்சம். மேலே குசினியில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

கண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் நீக்கிலாப்பிள்ளை. எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாத மனிதர். மற்றவள் ஜெகதீஸ்வரி. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவளுடைய வாழ்க்கை எவ்வளவோ லேசாகப் போயிருக்கும். இருவரையும் தனித்தனியாக இருத்திக் கேட்டாயிற்று. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. நம்ப விருப்பமில்லாதவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம், கோபமில்லை.

ஜெகதீஸ்வரி ரொக்ஸ்பரோவில் இருப்பவள். சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில் அவர்களுக்குச் சமைப்பது வேலை. அன்று இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே பஸ் ஏறினாள். மடியில் ஒரு பை. பைக்குள் பழைய ரேப் ரெக்கோடர். அதற்குள் ஒரு கசெற். அவளுடைய அம்மா ஞானாம்பிகை ஊரிலிருந்து பேசி அனுப்பிய ஒரேயொரு கசெற் அது. அம்மா கண்ணை மூடி வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருடம். ஆட்டைத் திவசத்துக்கு வருகிற சனத்துக்கு அம்மாவின் குரலைப் போட்டுக் காட்ட வேண்டும், பதினொரு வயது மகள் அஜந்தா அம்மம்மாவின் குரலை ஒருமுறையாவது கேட்க வேண்டும். இது அவள் வெளியில் சொன்ன காரணம்.

உள்ளே வேறொரு காரணம் இருந்தது. அவளுடைய தம்பி பேரின்பநாதன். வீட்டில் இன்பன்.

1989இல் ஜெகதீஸ்வரி தன் ஊரான கொழும்புத்துறையை விட்டு வெளிக்கிட்டபோது இன்பனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு வருடத்தில் உன்னையும் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வருடம் நாலு வருடமாயிற்று. அகதி வழக்கு, வேலை, கலியாணம் என்று அவளே இழுபட்டுக்கொண்டிருந்தாள். ‘அக்கா என்னை மறந்திட்டா’ என்று அவன் எழுதினான். அவளும் சூடாகப் பதில் போட்டாள். அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதமே வரவில்லை.

1993 ஒக்ரோபரில், அஜந்தா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, கசெற் வந்தது. மேலே அம்மாவின் கையெழுத்தில் 19.9.93 என்று திகதி. ஒரு பக்கம் முழுக்க அம்மா பேசியிருந்தாள். நடுவில் ஓரிடத்தில், “இன்பன் பக்கத்திலைதான் இருக்கிறான் பிள்ளை. அக்காவோடை கதையெண்டு கேட்டுப் பார்த்தன். கதைக்கிறானில்லை.”

அவ்வளவுதான். தம்பியின் வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது. பக்கத்தில் இருந்துகொண்டு, அக்கா சுகமோ என்று கேட்க மனமில்லை. அன்றே ஜெகதீஸ்வரி அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். கடைசி வரியை இன்பனுக்கென்றே எழுதினாள். ‘கதைக்க மனமில்லாதவனுக்கு நான் அக்காவுமில்லை.’

மாசியில் செய்தி வந்தது. பொங்கலுக்கு முதல் நாள் ஷெல் விழுந்து இன்பன் போய்விட்டான் என்று.

அவன் என்மேல் கோபத்தோடு செத்தானா? இந்த ஒரு கேள்வியை அவள் பதினொரு வருடம் சுமந்தாள். அந்தக் கசெற்றின் கடைசியில் அம்மாவின் குரல் மெலிந்து மெலிந்து குருவிக் கீச்சாகி, ஒன்றுமே விளங்காமல் போகும். மெசினில்தான் பழுது என்று நினைத்திருந்தாள். அந்தக் கீச்சுக்குள் தம்பி ஒரு சொல்லாவது சொல்லியிருப்பானோ... அதைக் கேட்கத்தான் பஸ் ஏறினாள்.

நீக்கிலாப்பிள்ளை குருநகர் ஆள். ஊரில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். இங்கே வந்து பெட்டி தூக்கி முதுகு நாரியை முறித்துக்கொண்டபின், பேஸ்மென்றில் பழைய ரேப்புகளோடு பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று பழக்கங்கள். கழற்றுகிற ஒவ்வொரு துண்டையும் முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாக வைப்பார். செய்கிற ஒவ்வொன்றுக்கும் நேரத்தைக் காகிதத் துண்டில் குறிப்பார். மெசினின் கரண்ட் வயரைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொள்வார், விரல் உள்ளே இருக்கும்போது யாரும் தவறிச் செருகிவிடக் கூடாதென்று. இதில் சொல்லப்படும் நேரமெல்லாம் அந்தத் துண்டில் இருந்தவை.

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கீழை வாங்கோ தங்கச்சி. சினோப் பனியைக் கொண்டந்து என்ரை மெசினுகளுக்கு ஊத்தாதேங்கோ.”

3.20க்கு ரேப் ரெக்கோடரின் பின்மூடி கழன்றது. பற்றறிக் கூடு வெறுமை. உள்ளே பெல்ட் தாராக உருகி ஒட்டிக்கிடந்தது. அவர் சாமணத்தால் நாலு துண்டாக இழுத்தெடுத்து முட்டைத் தட்டின் கடைசிக் குழியில் போட்டார். மிச்சத்தை ஸ்பிரிட்டால் துடைத்தார். மணி 3.31.

“பெல்ட் இல்லாட்டி என்ன அண்ணை?”

“மோட்டர் இருக்கே, அவன் சரியான அவசரக்காரன். அவன்ரை வேகத்துக்கு விட்டால் ரேப்பைப் பிய்ச்சுப் போடுவான். அதுதான் பெல்ட்டைப் போட்டு இந்தப் பாரமான சில்லோடை கட்டியிருக்கு. இது ஆறுதலாச் சுத்தும். இதின்ரை நடுவிலை இருக்கிற கம்பியும் இந்த றப்பர் உருளையும் சேர்ந்து ரேப்பை இழுக்கும், செக்கனுக்கு ரெண்டங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய. மற்றப் பல்லுச் சில்லுகள் இழுத்ததைச் சுத்தி எடுக்கும்.” விரலால் பெரிய சில்லைத் தட்டினார். அது கொஞ்சம் சுற்றி நின்றது. “பெல்ட் இல்லையெண்டால் மோட்டர் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம். தலைகீழா நிண்டாலும் ஒண்டும் நடவாது.”

கசெற்றைத் தன்னுடைய நல்ல டெக்கில் போட்டார். 3.34. அம்மாவின் குரல் வந்தது.

“பிள்ளை ஜெகா... அம்மா கதைக்கிறன்...”

ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பைத் தேடினாள். அன்று அவள் உடுத்திருந்தது ஸ்வெற்றர். கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

நல்ல டெக்கிலும் குரல் ஆடியது. கொஞ்சம் தடித்து, கொஞ்சம் மெலிந்து, திரும்பத் தடித்து. நீக்கிலாப்பிள்ளை நெற்றியைச் சுருக்கினார். டெக்கோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டார்.

“தங்கச்சி, நீங்கள் எப்ப ஊரை விட்டு வெளிக்கிட்டனீங்கள்?”

“எண்பத்தொன்பதிலை.”

“அதுதான் உங்களுக்குத் தெரியாது. பின்னாலை ஙொய்யெண்டு ஒரு சத்தம் கேக்குதே? டைனமோ. நீங்கள் வெளிக்கிட்டாப் பிறகு அங்கை கரண்டும் இல்லை, பற்றறியும் ஆமிக்காரன் உள்ளுக்கு விடேல்லை. சைக்கிளை ஸ்டாண்டிலை ஏத்தி, ஒருத்தன் இருந்து மிதிப்பான். பின்சில்லிலை டைனமோ. அதிலை வாற கரண்ட்டிலைதான் றேடியோ, ரேப் எல்லாம். நானே எத்தினை வீட்டுக்கு வயர் பூட்டிக் குடுத்தனான். மிதிக்கிறவன் களைச்சால் மோட்டர் சோரும், ரேப் மெதுவாப் போகும். மெதுவாப் பதிஞ்சதை இஞ்சை சரியான வேகத்திலை போட்டால் குரல் கீச்சிடும். மெசினிலை ஒரு பழுதுமில்லை. இது மிதிச்ச கசெற்.”

“ஆர் மிதிச்சது?”

“அதை என்னட்டைக் கேட்டால்? வீட்டிலை ஆர் இருந்தது?”

அம்மாவும் இன்பனும். வேறு யார்?

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி... ஒரு சொல்லும் கதைக்கேல்லை அண்ணை. நான் கோபமெண்டு...”

“நல்ல கதை! அரை மணித்தியாலம் மிதிக்கிறவன் எப்பிடிக் கதைக்கிறது? நாக்கு வெளியிலை தள்ளும்.” நீக்கிலாப்பிள்ளை சிரித்தார். “அக்காவுக்கு அம்மா கதைக்கவேணுமெண்டு அந்தப் பொடியன் முறிஞ்சிருக்கிறான். நீங்கள் பேசாமல் கேளுங்கோ.”

ஜெகதீஸ்வரி வாய்விட்டு அழுதாள். பதினொரு வருடத்தில் அவனுக்காகக் கோபம் கலக்காமல் அழுதது அன்றுதான். குரல் மெலியும் ஒவ்வொரு இடத்திலும் தம்பியின் கால் களைத்தது தெரிந்தது. குரல் தடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அவன் திரும்ப ஊன்றி மிதித்தது தெரிந்தது. அம்மா பேசப் பேச, பேசாமலே அவனும் அந்தக் கசெற்றில் இருந்திருக்கிறான். கிடைத்த உடனே எழுதிப் போட்ட அந்தக் கடைசி வரி நினைவுக்கு வந்து அவளைக் குத்தியது.

இருபது நிமிடம் போயிருக்கும். நீக்கிலாப்பிள்ளை மெல்லச் சொன்னார்.

“ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

“என்ன?”

“இப்பிடி மிதிச்ச கசெற் நான் நூறு கேட்டிருக்கிறன். மாடு மாதிரி மூச்சு வாங்கிற சத்தம் கேக்கும். செயின் கிறிச்சிடும். இதிலை டைனமோ மட்டுந்தான் கேக்குது. மூச்சும் இல்லை... செயினும் இல்லை.”

“நல்லா எண்ணெய் போட்டிருப்பான்.”

“ஓம். இருக்கும்.”

4.02. கடைசிப் பகுதி வந்தது. அம்மாவின் குரல் மெலிந்தது. கீச்சானது. குருவி போல ஏதோ சொன்னது. நின்றது.

இரண்டு முறை போட்டுக் கேட்டார்கள். ஒரு சொல் பிடிபடவில்லை.

“என்ரை டெக்கிலை வேகத்தைக் குறைக்க ஏலாது,” என்றார் நீக்கிலாப்பிள்ளை. “உங்கடை மெசினுக்கு வேறை பெல்ட் போட்டு, ஆறுதலா ஓடவிட்டுப் பார்ப்பம்.” கசெற்றைக் கடைசிப் பகுதிக்குச் சற்று முன்னால் நிறுத்தி, அவளுடைய ரேப் ரெக்கோடருக்குள் போட்டார். ‘பிளே’ கட்டையை அமத்திவைத்தார். உருளை வந்து கம்பியோடு ஒட்டியது. விரலால் பெரிய சில்லைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரி. “பெல்ட் பெட்டி மேலை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன். சிசிலி தேத்தண்ணியும் போட்டிருப்பா.”

கழுத்தில் வயரோடு படியேறினார். 4.09.

ஜெகதீஸ்வரி தனியே இருந்தாள். ஜன்னலில் பாதிக்குச் சினோ. மிச்சப் பாதியால் வெயில் வந்து மேசையில் விழுந்தது. மேலே நீக்கிலாப்பிள்ளையும் அவருடைய மனைவி சிசிலியும் எதற்கோ வாய்க்குவாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான வீட்டுச் சத்தம்.

மூடி இல்லாத மெசின் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. பெரிய சில்லு அவளுக்கு நேரே தெரிந்தது.

அது மெல்ல அசைந்தது.

நீக்கிலாப்பிள்ளை சுற்றிவிட்ட மிச்சமாக்கும் என்று நினைத்தாள். ஆனால் அவர் போய் மூன்று நிமிடமாகியிருந்தது.

சில்லு நின்றது.

திரும்ப அசைந்தது. அரைச் சுற்று... நின்றது. அரைச் சுற்று... நின்றது. சைக்கிளில் ஏறி முதல் மிதி மிதிக்கிறவனுக்குப் பாரமாக இருக்குமே, அப்படி.

பிறகு ஒரு முழுச் சுற்று.

இன்னொன்று.

அவள் எழும்பப் பார்த்தாள்.

ஙொய்...

மிக மெல்லிய சத்தம். மெசினுக்குள் இருந்து இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்து.

மெசினின் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. மங்கியது. எரிந்தது. மங்கியது. வலக்கால், இடக்கால்... வலக்கால், இடக்கால்.

சில்லு இப்போது ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுடைய உடம்பெல்லாம் சொன்னது. திரும்பினால் நின்றுவிடும் என்று ஏதோ ஒன்று சொன்னது.

அவள் திரும்பவில்லை.

அம்மாவின் குரல் வந்தது.

ஆடவில்லை.

கீச்சிடவில்லை. மெலியவில்லை. கிணற்றடியில் நின்று கூப்பிடும்போது அம்மாவுக்கு இருந்த அதே குரல். நேராக, நிறைவாக.

“...உடம்பைப் பார்த்துக்கொள்ளு பிள்ளை. பாரம் தூக்காதை...”

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சில்லு மெதுவாகச் சுற்றியது. களைத்துப்போனவனின் மிதி. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

கீச்சு வரும் இடம்.

கீச்சு வரவில்லை.

சொல் வந்தது.

“காணும் ராசா.”

ஜெகதீஸ்வரி மெசினை நோக்கிக் குனிந்தாள்.

“காணும் ராசா... மிதிச்சது போதும், கால் நோகும். இறங்கு. நீ போ... அக்காவுக்கு நான் பேந்து சொல்லுறன்.”

சில்லு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது.

அரைச் சுற்று.

நின்றது.

“ஏசுவே...”

நீக்கிலாப்பிள்ளை மூன்றாம் படியில் நின்றார். ஒரு கையில் பெல்ட் பெட்டி. கழுத்தில் கரண்ட் வயர் அப்படியே தொங்கியது. எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று அவருக்கே தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 4.16.

மேசைக்கு வந்தார். முட்டைத் தட்டைப் பார்த்தார். கடைசிக் குழியில் கறுப்பாக நாலு துண்டு பெல்ட். பற்றறிக் கூட்டைப் பார்த்தார். வெறுமை. விரலால் பெரிய சில்லைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். அது இளஞ்சூடாக இருந்தது.

“அம்மா ஆடாமல் கதைச்சவ,” என்றாள் ஜெகதீஸ்வரி. “கேட்டியளோ அண்ணை?”

“கேட்டன்.” பிறகு, அவருடைய வழக்கப்படி, அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார். “தங்கச்சி, ஆடிப் பதிஞ்சது நேரா வரவேணுமெண்டால் ஒரு வழிதான் இருக்கு. பதியேக்கை எந்த இடத்திலை களைச்சானோ, போடேக்கையும் அந்த இடத்திலை களைக்க வேணும். எந்த இடத்திலை ஊண்டினானோ, அந்த இடத்திலை ஊண்ட வேணும். ஒரு மயிரிழை பிசகேலாது. அதே கால்தான் மிதிக்க வேணும்.”

அவளுக்குப் பயமும் இருந்தது, சந்தோசமும் இருந்தது. சந்தோசம்தான் கூடுதல். தம்பி வந்திருக்கிறான். அக்காவுக்கு விளங்க வேண்டும் என்று வந்து மிதித்துவிட்டுப் போயிருக்கிறான். கோபமிருந்தால் வருவானா? பஸ்சில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிவைத்து அழுதாள்.

சனிக்கிழமை திவசம் நடந்தது. நீக்கிலாப்பிள்ளை தன் டெக்கிலிருந்து சிடியில் பதிந்து கொடுத்திருந்தார். அதில் குரல் பழையபடி ஆடியது, கடைசியில் கீச்சிட்டது. நேரான குரல் பிறகு ஒருபோதும் வரவில்லை. வந்த சனம் பழைய கசெற்றென்றால் அப்படித்தான் என்றது. ஜெகதீஸ்வரி அவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னாள், “என்ரை தம்பி இருந்து மிதிக்க அம்மா கதைச்சவ.” அவள் அப்படிச் சிரித்த முகமாக இருந்து பார்த்ததில்லை என்று புருசன் அருமைநாதனே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8.20க்கு அவள் ஊருக்கு ரெலிபோன் எடுத்தாள். அங்கே அப்போது இரவு ஏழு தாண்டியிருந்தது. எடுத்தது திரேசம்மா மாமி, அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி. கசெற் பதிந்த ரேப் ரெக்கோடரே திரேசம்மாவுடையதுதான். திவசம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட்டு, ஜெகதீஸ்வரி ஆசையோடு கேட்டாள்.

“மாமி, அம்மா கசெற்றிலை கதைக்கேக்கை இன்பன்தானே சைக்கிள் மிதிச்சவன்?”

மறுபக்கத்தில் மாமி, “மாதாவே” என்றாள்.

“மாமி?”

“உனக்கு ஆர் சொன்னது?”

“அந்தக் கசெற்றிலையே தெரியுது மாமி.”

திரேசம்மா செபம் சொல்வது போல முணுமுணுத்தாள். பிறகு அம்மாவைப் பற்றிக் கேட்டாள், “கொம்மா உனக்குக் கடைசி வரைக்கும் சொல்லேல்லையோ?”

“என்னத்தை?”

“பேந்து சொல்லுறன், பிறகு சொல்லுறன் எண்டுகொண்டே இருந்தவ. பாவி, சொல்லாமலே போட்டாவே...” கிழவி அழத் தொடங்கினாள். “பிள்ளை, இன்பன் போனது பொங்கலுக்கு முதல் நாள் இல்லை. ஓகஸ்ட் இருபத்தேழு. வெள்ளிக்கிழமை. நீ வயித்திலை பிள்ளையோடை எண்டு கொம்மா மறைச்சவ. பிள்ளை பிறந்தாப் பிறகு, ஒரு திகதியைச் சொல்லி எழுதினவ.”

ஜெகதீஸ்வரி சுவரில் சாய்ந்தாள். எதிரே மேசையில் கசெற் இருந்தது. அம்மாவின் கையெழுத்து. 19.9.93.

பதினொரு வருடமாக அவள் தம்பிக்குத் தை மாதத்தில் படைத்து வந்தாள். வேறு யாரோ ஒருவனின் நாளுக்குப் படைத்தது போல இருந்தது.

“முப்பத்தோராம் நாள் அந்திரட்டிகூட முடியேல்லை,” என்றாள் திரேசம்மா. “உனக்குக் கசெற் அனுப்பாட்டி சந்தேகப்படுவாய் எண்டு கொம்மா பயந்தவ. என்னட்டை ரேப்பை வாங்கிக்கொண்டு போனவ. பின்னேரம் என்ரை மகனை அனுப்புறன், சில்லைச் சுத்துவான் எண்டு சொன்னன். வேண்டாம், நானே கையாலை சுத்துறன் எண்டு போட்டா. நாலு மணியிருக்கும், பார்ப்பமெண்டு போனன். டைனமோ சத்தம் கேட்டது. வாசலிலை நிண்டு பார்த்தன்...”

“பார்த்து?”

“கொம்மாவின்ரை ரெண்டு கையும் மடியிலை.”

“அப்ப சில்லு?”

“சைக்கிளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து கதைச்சவ. திரும்பிப் பார்க்கேல்லை. என்னைக் கண்டதும் வாயிலை விரலை வைச்சுக் காட்டினவ, சத்தம் போடாதை எண்டு. சைக்கிள் ஸ்டாண்டிலை நிண்டது. பின்சில்லு சுத்தினது. சீற்றிலை ஒருத்தரும் இல்லை பிள்ளை.”

அஜந்தா அறையிலிருந்து ஏதோ பிரெஞ்சில் கேட்டாள். ஜெகதீஸ்வரிக்குக் காதில் ஏறவில்லை.

“நான் எழுதின கடிதம்...” என்றாள். “மாமி, அவனுக்கு நான் ஒண்டு எழுதினனான்...”

“தெரியும். அதைக் கொம்மா அவன்ரை படத்துக்கு முன்னாலை வைச்சு வாசிச்சவ. நான் பக்கத்திலை நிண்டனான். கடைசி வரியை மட்டும் வாசிக்கேல்லை. அக்கா உன்னை ஆசையாக் கேட்டவளாம் எண்டு சொல்லி மடிச்சு வைச்சவ.”

இருவரும் அழுதார்கள். அழுது ஓய்ந்தபின் ஜெகதீஸ்வரி கேட்டாள், “மாமி, ஏன் அம்மா சில்லைக் கையாலை சுத்தப் போனவ? உங்கடை மகன் வந்து மிதிச்சிருக்கலாமே?”

“எப்பிடி மிதிக்கிறது? தபால் கந்தோருக்குச் சைக்கிளிலை போகேக்கைதானே இன்பனுக்கு ஷெல் பட்டது. உனக்குத்தான் கடிதம் போடப் போனவன். சைக்கிளை நாங்கள்தான் உருட்டிக்கொண்டு வந்து வைச்சம். செயின் அறுந்து அந்த றோட்டிலையே கிடந்தது.” திரேசம்மா மூக்கைச் சீறினாள். “அந்தச் சைக்கிளுக்குச் செயினே இல்லை பிள்ளை.”

8.41க்கு ஜெகதீஸ்வரி ரிசீவரை வைத்தாள்.

நீக்கிலாப்பிள்ளை பிறகு மூன்று முறை கேட்டுவிட்டார், அந்த மெசினுக்குப் புது பெல்ட் போட்டுத் தரட்டுமா என்று. வேண்டாம் என்றுவிட்டாள். அது பெல்ட் இல்லாமலே ரொக்ஸ்பரோ வீட்டில், அம்மாவின் படத்துக்கும் தம்பியின் படத்துக்கும் நடுவில் இருக்கிறது. இனித் தை மாதம் வேண்டாம் என்று அந்த வருடம் ஓகஸ்ட் 27இல் இன்பனுக்குப் படைத்தாள். வாழையிலையில் சோறும் அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வைத்தாள். பிறகு மெசினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

“அம்மா சொல்லாட்டிலும் எனக்கு இப்ப விளங்கீட்டுது இன்பன்,” என்றாள். “காணும். இறங்கி வந்து சாப்பிடு.”

பின்னால் ஏதோ மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.